குடும்பச் செய்தி மட்டும்

படிவத்தின் தலையில் மூன்று மொழியில் அச்சடித்திருக்கிறது:
குடும்பச் செய்தி மட்டும்.
இடம், ஆயுதம், அரசியல், முறைப்பாடு
எதுவும் கூடாது.
கூடாததை அழிக்க
ஒரு கறுப்புப் பேனை தந்திருக்கிறார்கள்.
அதுதான் என் உத்தியோகம்.

கொள்ளுப்பிட்டியில் கடற்பக்க ஒழுங்கை, இரண்டாம் மாடி.
ரயில் போனால் மேசையில் தேத்தண்ணி நடுங்கும்.
இடப்பக்கத் தட்டில் வன்னியிலிருந்து வருபவை,
பிடிபட்ட சிப்பாய்கள் சிங்களத்தில் எழுதியவை.
வலப்பக்கத்தில் வெலிக்கடைக் கடிதங்கள்,
பிடிபட்ட எங்கட பெடியள்.
'எங்கட' என்ற சொல்லை
அலுவலகத்தில் நான் பாவிப்பதில்லை.

ஹேரத் முதியான்சலாகே அஜந்த பியலால்.
பெயருக்கு விட்ட கட்டத்தில் பாதிதான் அடங்கும்,
மிச்சம் தகப்பன் பெயருக்குள் வழியும்.
முதல் கடிதத்தில் நான்கு வரி அழித்தேன்.
அந்த நான்கையும் இங்கேயும் எழுதமாட்டேன்.
இந்த முறை: அம்மா, சுகம். சோறு தருகிறார்கள்.
கிணற்றில் குளிக்க விடுகிறார்கள், கிழமைக்கு ஒருதரம்.
காவலுக்கு நிற்கிறவன் என்னைவிடச் சின்னவன்,
இரவில் அவனுக்குப் பயம்,
என்னோடு கதைத்துக்கொண்டிருப்பான்.

கிணற்றை அழித்தேன், அது இடம்.
காவல்காரனை அழித்தேன்.
அவன் பயத்தை அழிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

இன்று காலை தாய் வந்தாள்,
பொல்கஹவெலயிலிருந்து விடியற்காலை ரயிலில்.
வருசத்துக்குச் சுட்ட கொக்கிஸ் கையில்.
கடதாசி மட்டும்தான் போகும், அம்மே, என்றேன்.
பொட்டலத்தை என் மேசையிலேயே வைத்துவிட்டுக்
குனிந்து கேட்டாள்:
மகளே, உங்கள் ஆட்கள் அடிப்பார்களா?

நான் பொட்டு வைப்பதில்லை.
என் சிங்களத்தில் எங்கோ ஒரு எழுத்து
என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.
தெரியாது என்றேன்.
அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், எருமை கன்று போட்டதை,
தங்கைக்குப் பேசிவந்த இடத்தை.
அடியில் பெருவிரலை வைத்தாள்.

கோபிதரன், விசுவமடு.
ஐப்பசியில் வந்த அவன் எழுத்து அச்சுக்கோத்தது போல,
ழகரத்துக்கு ஒரு சுழி கூடுதலாய்.
மார்கழியில் வேறு கை, வேறு பேனை,
'நான் நலம்' மட்டும்.
கீழே நீல ரேகை, அதுவும் ஒழுங்காகப் பதியவில்லை.
மேலதிகாரியிடம் கொண்டுபோனேன்.
நெடுநேரம் பார்த்தார்.
அது வேறு பிரிவு, கோப்பு திறந்திருக்கிறது என்றார்.
அழிப்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.
அனுப்பினேன்.

தாயின் பதில் நேற்று வந்தது.
'தம்பி, ஏன் நீ எழுதேல்லை?
சோதினையில எழுத்துக்கெண்டே புள்ளி வாங்கினனியெல்லே.
மறந்துபோச்சோ?'
குடும்பச் செய்திதான்.
முத்திரை குத்தினேன்.

இரண்டு விரலும் ஒரே நீலம் என்று
எழுதிவிட ஆசை. பார்க்க அழகாயிருக்கும்.
ஆனால் அவள் பள்ளிக்கூடம் போகாதவள்.
இவன் போனவன்.

பின்னேரம் பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள்.
அடையாள அட்டை. பொலிஸ் பதிவு.
பையைத் திறந்தான், கொக்கிஸ்.
விரலைப் பார்த்தான், கறுப்பு மை.
எங்கே வேலை என்றான். சொன்னேன்.
பின்னால் நிற்பவனை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு,
அட்டையைத் தராமல்,
உதடு அசையாத குரலில் ஒரு பெயர் சொன்னான்.
ஒரே ஊர். ஒரே நாளில் சேர்ந்தோம்.
உங்கள் லிஸ்டில் இருக்கிறானா?

எழுத பஸ் டிக்கட்தான் இருந்தது.
நீளமான பெயர். பாதிதான் அடங்கியது.
மிச்சத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு
வெள்ளவத்தை வரை நடந்தேன்.